காசிக்குப் போனவர் ஏறிய படகு

சத்தியம். நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் இந்த நாக்கு இப்படியே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். சூடம் ஏற்றிக் கொண்டுவாருங்கள், உள்ளங்கையால் அணைத்துக் காட்டுகிறேன். மாயவரம் துலாக்கட்டத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். போன தடவை வந்தபோது பனைமர உயரத்துக்கு வெண்டைக்காய் காய்த்ததாகச் சொன்னேனே, அது வேறு. அதை நீங்களும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இது அப்படிப்பட்டதில்லை. முதலில் அந்தக் கத்தரிக்காயை என் இலையில் வைக்காதீர்கள் அம்மா, ஆகாது. ரசம் போதும். ஆச்சா? கேளுங்கள்.

பஞ்சநதம் என்று ஒருவர். வயது அறுபத்துநாலு. மாயவரம் பத்திர ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் சொன்னதையெல்லாம் மெய் என்று எழுதி முத்திரை குத்துகிற உத்தியோகம் முப்பத்தைந்து வருஷம். காசிக்குப் போய்ப் பத்து நாளில் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பெல்ஜியம் தேசத்தில் கெண்ட் என்கிற ஊரில், தண்ணீரோரம், கையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு பதினொரு மணிப் படகுக்காக நின்றுகொண்டிருந்தார். ஆறாவது நாள். ஐந்து நாளும் அதே படகு, அதே நாற்பது நிமிஷம், அதே சுற்று. இரண்டாவது பாலத்தைத் தாண்டியதும் வலது கரையில் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. அது அவர் மகள் அபயாம்பாளின் வீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால், எனக்கு மகளே இல்லை என்று அவர் தலைமுழுகிய மகள். அந்தக் கதவைத் தட்டுவதற்குத்தான் இத்தனை தூரம். ஐந்து நாளாகத் தட்டவில்லை, தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறார். நாளை மத்தியானம் விமானம். இன்று தட்டாவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் தட்டப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கால் படகுத்துறைக்குத்தான் வந்தது. கால் மேல் குற்றமில்லை, அதற்கு இந்த ஊரில் வேறு வழி தெரியாது. மாயவரத்தில் என்றால் ஒரு மனிதன் மனம் சரியில்லாமல் நடந்தால் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள், என்ன சார் இந்தப் பக்கம் என்று. அந்த எரிச்சலிலேயே பாதிக் கவலை போய்விடும். இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆறு நாளாக ஊர் முழுக்க நடந்திருக்கிறார், மெள்ள, ஒரு தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று, கோட்டையைச் சுற்றி, மீன் கடைச் சந்து வழியாக, பூக்கடை, மணிக்கூண்டு, மறுபடி கோட்டை. எந்தத் தெருவில் புகுந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. கஷாய நிறத் தண்ணீர். எதையும் சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாத தண்ணீர். காவேரியாக இருந்தால் முழுகி எழுவதற்குள் போட்டதைக் கொண்டுபோயிருக்கும். இது வைத்துக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது.

படகு வந்தது. ஓட்டுகிறவள் லீன் என்ற பெண், முப்பது வயதிருக்கும், ஓட்டிக்கொண்டே ஊர்க்கதையும் சொல்கிறவள். "வாங்க இன்ஜினியர், இன்றைக்கும் அதே கதைதான், மன்னிக்கணும்" என்றாள் இங்கிலீஷில். பஞ்சநதம் இன்ஜினியர் இல்லை. தினமும் ஏன் வருகிறீர்கள் என்று இரண்டாம் நாள் அவள் கேட்டபோது வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது: எங்கள் சர்க்கார் காவேரியில் படகு விடப்போகிறது, முதலைத் தொந்தரவு அதிகம், அதற்குத் தோதான படகு பார்க்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். "முதலையா?" "சின்ன முதலைதான். பதினைந்து அடி." அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. மணிக்கூண்டின் உச்சியில் மின்னுகிற தங்கப் பூச்சு டிராகனைக் காட்டி, "எங்கள் ஆள் அதைவிடப் பெரியவன், ராத்திரி இறங்கிவந்து பொரித்த உருளைக்கிழங்கு தின்பான்" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. அந்த டிராகன் திங்கட்கிழமை கடல் வழியாக வந்தது, செவ்வாயன்று போரில் பிடித்து வந்தது, புதன்கிழமை ஒரு ரொட்டிக்காரன் திருடி வந்தது. தொழில் தெரிந்தவள். ஆனால் அவள் கதையைக் கேட்கிறவன் நாற்பது நிமிஷத்தில் இறங்கிப் போய்விடுகிறான், போனவன் திரும்ப வந்து எங்கே உன் டிராகன் என்று சட்டையைப் பிடிப்பதில்லை. கேட்கிறவன் சம்பந்தியாக வந்து உட்காரும்போதுதான் ஆபத்து. பஞ்சநதம் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். நீல நிறக் குரங்குக் குல்லா, மாயவரத்தில் மார்கழி பஜனைக்கு வாங்கியது. இங்கே மே மாதத்தில்கூட இந்தக் குளிர். சட்டைப்பை கனத்தது. கோட்டைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் மூக்கு வடிவத்தில் ஊதா நிற மிட்டாய் விற்கிறான், கடித்தால் உள்ளேயிருந்து பாகு வழிகிறது. தினமும் ஒரு பொட்டலம் வாங்குகிறார், கொடுக்கப்போகிறவரைப் போல. அந்த வீட்டு ஜன்னலில் ஒரு குழந்தை நிற்கிறது. மூன்று வயதிருக்கும். படகுக்குக் கையாட்டுகிறது. முதல் நாள் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் கவனித்தார், முன்னால் போன படகுக்கும் ஆட்டியது, பின்னால் வந்த வாத்துக்கும் ஆட்டியது.

படகு நகர்ந்தது. கைக்கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. கடிகாரத்தை அவர் மாற்றவில்லை, அது மாயவரத்திலேயே ஓடுகிறது. மாற்றினால் மாட்டிக்கொள்வார், பெண்டாட்டி தருமாம்பாள் போன் பண்ணி சாப்பிட்டாச்சா என்பாள், இந்த ஊர்க் காலை பத்து மணிக்கு இன்னும் இல்லை என்றால் காசியில் மத்தியானமாச்சே. அவளிடம் காசி என்று சொன்னபோதே அவள் கேட்டாள்: "காசிக்குச் சமானமான ஊர்லயே இருக்கோம். அக்னி நட்சத்திரத்துல யாராவது அங்கே போவாங்களா?" "அப்பத்தான் கூட்டம் இருக்காது" என்றார். "நானும் வரேனே." "உனக்கு முழங்கால் இருக்கிற லட்சணத்துல அத்தனை படி இறங்க முடியாது." அவள் பெட்டியை எடுத்துவந்தாள். துணி மடித்து வைத்தாள். கம்பளியையும் குல்லாவையும் மடித்து வைத்தாள். காசியில் மே மாதத்தில் கம்பளி எதற்கு என்று அவருக்கே அப்போது தோன்றவில்லை, இப்போது இந்தப் படகில் தோன்றுகிறது, அதை அவர் அவசரமாக வேறு பக்கம் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மணிக்கூண்டில் மணிகள் பாட ஆரம்பித்துவிட்டன. இந்த ஊர் மணி அடிக்காது, பாடும், கால் மணிக்கு ஒரு தரம். "என்னங்க அது, பாட்டு மாதிரி?" "விசுவநாதர் கோயில் மணி." "பாடுமா?" "வடக்கத்தி மணி அப்படித்தான்." சரி என்றாள். "எதை விட்டீங்க?" என்றாள் அப்புறம். காசிக்குப் போகிறவர்கள் பிடித்தமான காயோ பழமோ ஒன்றை அங்கே விட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார். "உங்களுக்கு விடறதுதான் கஷ்டமே இல்லையே" என்றாள். பல் தேய்ப்பது போல சாதாரணமாகச் சொன்னாள். மூன்று நாளாக அந்த வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

விடுவது. விட்டாரா, அறுத்தாரா, அதற்கு ஒரு பெயர் வேண்டும். லீன் ஒலிபெருக்கியில் கறிக்கடைக் கட்டடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், படகிலிருந்த சீனர்கள் படம் எடுத்தார்கள், முதல் பாலம் தலைக்கு மேலே வந்து இருட்டி விலகியது, கல்லிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் மூக்கில் விழுந்தது, அந்த ஒரு சொட்டு போதும், ஏழு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மாதம் வந்துவிட்டது. மண்டபத்தில் அபயத்துக்கு நிச்சயதார்த்தம். கும்பகோணத்துப் பிள்ளைவீட்டார். அவர் சின்னதாகத்தான் ஆரம்பித்தார், கொஞ்சம் நிலம் உண்டு என்று. கேட்கிறவர் முகம் மலர்ந்தால் அதை வாட விட அவருக்கு மனசு வராது, அது அவருடைய வியாதி. நிலம் முப்பது வேலியானது, பாட்டனார் வந்தார், பாட்டனார் கவர்னருக்கு இரவல் கொடுத்த ஆனை வந்தது, கடைசியில் பெண்ணே வந்தாள், பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவளாக. தட்டு மாற்றப்போகிற நேரம். அபயம் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில்: "மன்னிச்சுக்குங்க. எங்க அப்பா சொன்னதுல ஒண்ணும் நிஜம் இல்லை. நிலம் இல்லை. ஆனை இல்லை. வேலையை விடறேன்னு நான் சொல்லலை. இந்தக் கல்யாணத்துக்கும் நான் சரின்னு சொல்லலை, நாலு தடவை அப்பாகிட்ட சொல்லிட்டேன்." அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தன், யாரென்று இன்றுவரை தெரியாது, "ஆனையுமா இல்லை?" என்றான். மண்டபமே சிரித்தது. ஆயுசு முழுக்க அவர் ஊரைச் சிரிக்கவைத்தவர்தான், ஆனால் அந்தச் சிரிப்பு வேறு ருசி, அதை அவர் அதற்கு முன்னால் தின்றதில்லை. எழுந்தார். பட்டு வேட்டியோடு, கழுத்து மாலையோடு, நாலு நிமிஷ நடை, துலாக்கட்டம். துலா மாசம், படித்துறை முழுக்க ஜனம், ஊரே புண்ணியம் சேர்க்க முழுகிக்கொண்டிருந்தது. நடுவில் புகுந்து மூன்று முழுக்குப் போட்டார். சொட்டச் சொட்ட மண்டபத்துக்குத் திரும்பி வந்து, "எனக்குப் பொண்ணு கிடையாது. முழுகியாச்சு" என்றார். அவர் காலடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. மண்டபத்துக் காவல்காரர் துடைப்பான் கொண்டுவந்து, "கொஞ்சம் நகர்ந்துக்குங்க சார், வழுக்கும்" என்று அவர் காலைச் சுற்றித் துடைத்தார். ராத்திரி படுத்தால் மகள் முகம் வருவதில்லை, அந்தத் துடைப்பான்தான் வருகிறது, கட்டை விரலைத் தொட்டுத் தொட்டு.

ஆனால் சிறுத்தைக் கதை? அதைக் கேட்டு வாங்கியவள் யார்? வீட்டில் பித்தளைக் கூஜா ஒன்று. வைத்தீசுவரன்கோயில் ஸ்டேஷனில் அவர் கால் தடுக்கிக் கீழே போட்டு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அதைச் சிறுத்தை கடித்த பல் தடம் என்று மூன்று வயது அபயத்திடம் சொன்னார். பத்து வயது வரைக்கும் நம்பினாள். "அப்பா, சிறுத்தை கதை." ஒவ்வொரு தடவையும் சிறுத்தை வேறு காட்டிலிருந்து வரும், அவள் கண்டுகொள்ளாமல் இருப்பாள், அல்லது கண்டுகொண்டும் விட்டுக்கொடுப்பாள். அவருக்குக் கிடைத்த கேட்பவர்களிலேயே உத்தமமான கேட்பவள். அவளே சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டாள் என்பதுதான் தாங்கவில்லை, ஆனை போனதற்காக இல்லை. சரி, அந்தக் கூஜா. இரண்டு வருஷத்துக்கு முன் தேடினார், காணோம். ஈயம் பூசக் கொடுத்திருக்கேன் என்றாள் தருமாம்பாள். மூன்றாம் நாள் இந்தப் படகிலிருந்து பார்க்கிறார், மூன்றாவது வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு பித்தளைக் கூஜா, அதில் ஒரு சிவப்புப் பூச்செடி, வயிற்றில் பள்ளம். உலகத்தில் கூஜாக்கள் நிறைய உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழம்பொருள் கடையில் வாங்கியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். பள்ளமும் நிறைய உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்ததே, ஐந்து வருஷத்துக்கு முன், வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி, அவர் பெயரும் தருமாம்பாள் பெயரும் சேர்த்து எழுதி. கூடத்தில் நின்று நாலாகக் கிழித்துப் போட்டார். தருமாம்பாள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் விளக்குமாறு எடுத்துவந்து பெருக்கினாள், முகத்தில் ஒரு சலனம் இல்லை, ஏற்கெனவே படித்துவிட்ட பேப்பரைப் பெருக்குகிற மாதிரி. அனுப்பியவர் விலாசம் இருந்த மூலையை மட்டும் அவர் காலுக்கடியில் மிதித்து வைத்துக்கொண்டார். அந்த மூலை இப்போது சட்டைப்பையில் மிட்டாய்ப் பாகில் ஊறிக்கிடக்கிறது. கதவைத் தட்டினால் என்ன சொல்வது? இந்தப் பக்கமாக ஒரு காரியமாக வந்தேன். சர்க்கார் அனுப்பியது. உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் ஆறு மாசம் என்கிறார். ஏழு தொடக்கம் தயார் பண்ணியிருந்தார், ஏழும் அச்சாகப் பொருந்தும், ஏழும் பொய். எட்டாவதாக நிஜத்தில் ஒன்று தேடினார். ஐந்து நாளாகத் தேடுகிறார். நாக்குக்குப் பழக்கமில்லாத பண்டம், வாய்க்குள் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இரண்டாவது பாலம் தூரத்தில் தெரிந்தது. போன் அடித்தது. "ஏங்க, சாப்பிட்டாச்சா?" "ஆச்சு. பூரி, உருளைக்கிழங்கு." "வெயில் எப்படி?" "மண்டையைப் பிளக்குது" என்றார், பல் கிட்டித்தது. "எங்கே இருக்கீங்க?" "படகுல. கங்கையில." "படகுல எந்தப் பக்கம்?" "எந்தப் பக்கமா இருந்தா உனக்கு என்ன?" "இல்லை, நேத்து வலது பக்கம் உட்கார்ந்திருந்தீங்களாம். முகம் நல்லாத் தெரிஞ்சுதாம். அதுக்கு முந்தின நாள் இடது பக்கமாம், நீலக் குல்லா மட்டும்தான் தெரிஞ்சுதாம்." பக்கத்தில் ஒரு கிழவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அந்த வாசனை மட்டும் உலகத்தில் மிச்சமிருந்தது. "யார் சொன்னது?" என்றார். "யார் சொல்லுவா? அபயம்தான். தினமும் பேசறோமே. ஏழு வருஷமா. நீங்க மத்தியானம் தூங்கற நேரம்." கூஜா என்று அவர் வாய் முணுமுணுத்தது. "நான்தான் அனுப்பினேன். அவளுக்குப் பொண்ணு பொறந்தப்போ. சிறுத்தை கதை சொல்லணும்னு கேட்டா." "என்கிட்ட நீ ஒரு வார்த்தை..." "நீங்க முழுகினீங்க. நான் முழுகலையே. நீயும் முழுகறியாடின்னு என்னை யாரும் கேட்கலையே." குரலில் கோபம் இல்லை. இருந்தால் பிடித்துக்கொண்டு பேச ஒரு விளிம்பு கிடைத்திருக்கும். பாலம் வந்துவிட்டது. அவருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அதைக் கேட்க நாக்கு எழவில்லை, எழுந்தது: "கூப்பிட்டாளா?" போனில் மாயவரத்துக் காக்காய் கத்தியது. "கூப்பிடேன்டி, பாவம் குளிர்ல போறார்னு நானும் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சேன், கிழிச்சார். செத்தவ வீட்டுக்கு வரச்சொல்லி யாரும்மா பத்திரிகை வெப்பாங்க? கேள்விப்பட்டாத் தானா வரணும், அதுதானே நம்ம வழக்கம்'னு சொல்றா. தானா வந்தவங்களை விரட்டற வழக்கமும் கிடையாதுன்னா. அவ்வளவுதான் சொன்னா." பாலத்தின் இருட்டு வந்து அவர்மேல் படர்ந்தது. "ஊருக்கு வந்தா எல்லாரும் கேட்பாங்க, காசியில எதை விட்டீங்கன்னு. யோசிச்சு வெச்சுக்குங்க" என்றாள். "இந்தத் தடவையாவது தலையை நனைச்சுக்காம வாங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

வெளிச்சம். மூன்றாவது வீடு. குழந்தை கையாட்டியது. அதற்குப் பின்னால், திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஒரு கை இருந்தது. முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது. ஐந்து நாளும் அது அங்கே இருந்திருக்கும், அவர் குழந்தையையும் கூஜாவையும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். ஒளிந்துகொண்டு பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைத்தான் ஒரு குடும்பமே இரண்டு கண்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மத்தியானம் பேசிச் சிரித்திருப்பார்கள், இன்னிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று. ஆனையுமா இல்லை. அந்தச் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது, இந்தத் தடவை அதில் பெண்டாட்டி குரலும் இருந்தது. கோபம் வந்தது. இப்படியே போய் அறையில் படுத்துக்கொண்டு விடியட்டும் என்று இருந்துவிடலாம், வைராக்கியம் பெரிசா இல்லையா. பெரிசுதான், ஏழு வருஷமாக அதை வளர்த்ததில் அதற்குக் கொம்பு முளைத்துவிட்டது, ஆனால் வளர்த்தவன் ஒருத்தன் மட்டும்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் ஒருவர்தான் நனைந்தவர். மற்றவர்கள் எல்லாரும் உலர்ந்த துணியில் நின்றுகொண்டு, துடைப்பானோடு காத்திருந்தார்கள். மிச்சமிருந்த இருபது நிமிஷத்தில் லீன் என்ன சொன்னாள், டிராகன் இன்று எங்கிருந்து வந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. துறையில் இறங்கும்போது அவள், "இன்ஜினியர், கண்ணில் தண்ணீர்" என்றாள். "முதலைக்கண்ணீர்" என்று சொல்லியிருப்பார், வேறு நாளாக இருந்தால். சட்டைப்பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலங்கள் அத்தனையையும் எடுத்து அவள் கையில் வைத்தார். "ஏன்?" என்றாள். "போகிற இடத்துக்கு ஒன்றும் கொண்டுபோகக்கூடாது" என்றார். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும். அவளிடம் அவர் சொன்ன முதல் நிஜம் அது, அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. செருப்பை, இல்லை, பூட்சை வெளியே கழற்றினார். மரப்படி ஏழு. கூடத்தில் அபயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், காதோரம் நரை. வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் வாங்க என்று யாரும் சொல்வதில்லை. எழுந்திருக்கவில்லை. அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை, அதுவும் முறைதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுத்த படகு போய்க்கொண்டிருந்தது, கூரையில்லாத படகில் தலைகள் வரிசையாக, தேங்காய் அடுக்கின மாதிரி. ஒரு தலையும் தப்பாது, ஒரு முகமும் தப்பாது. தொண்டையைக் கனைத்தார். ஏழு தொடக்கத்தில் எதுவும் வரவில்லை, புதிதாக ஒன்று வந்தது: "காவேரியில இந்த வருஷம் தண்ணி..." "கதை வேண்டாம்" என்றாள். அதற்குப் பின்னால் ஒரு 'ப்பா' வருமா என்று காத்திருந்தார். மணிக்கூண்டு பாடி முடித்தது, அடுத்த கால் மணிக்கும் பாடியது. வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு மனிதர் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம். குழந்தை உள்ளேயிருந்து வந்தது, அவர் மடியிலிருந்த நீலக் குல்லாவை இழுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டது, கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. குல்லாவுக்குள்ளிருந்தே அம்மாவிடம் அந்த ஊர் பாஷையில் ஏதோ கேட்டது, விரல் அவர் பக்கம் நீட்டியிருந்தது. அபயம் ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னாள். அது என்ன வார்த்தை? அதன் சத்தத்தை விமான நிலையம் வரைக்கும் வாயில் உருட்டிக்கொண்டே போனார். அங்கே காப்பிக் கடைக்காரனிடம் கேட்டிருக்கலாம். தாத்தா என்று அர்த்தமாக இருக்கலாம். யாரோ என்று அர்த்தமாக இருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சத்தமும் மறந்துவிட்டது. எழுந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. அவள் வாசல் வரைக்கும் வரவில்லை. குல்லாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் வேறு காரியம். விடுதிக் குளியலறையில் சுடுதண்ணீர் கொட்டுகிறது, திருகினால் போதும். திருகவில்லை. அந்தத் தலையோடு ராத்திரி படுத்தார், அந்தத் தலையோடு விமானம், சென்னை, ரயில், மாயவரம். அக்னி நட்சத்திரத்து வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கினபோது தலை சிக்குப் பிடித்து நாறியது. தருமாம்பாள் வாசலில் நின்றாள். காசி எப்படி என்று கேட்கவில்லை. கையை நீட்டி அவர் தலைமயிரை விரலால் துழாவிப் பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று, காய்ந்த வடகத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. முழுகியிருந்தால் அது சாவு வீடு. பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நகர்ந்து வழிவிட்டாள். அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து இன்றுவரை ஒரு போன் இல்லை அவருக்கு. மத்தியானம் அவர் தூங்குகிற நேரத்தில் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, தூங்காமல் தூங்குகிறார். ஒருநாள் தருமாம்பாள் போனை சார்ஜுக்குப் போடக் கொடுத்தபோது ஒரு படம் தெரிந்தது, நீலக் குல்லா போட்ட ஒரு குழந்தை, முகமே தெரியவில்லை. அவள் காட்டவில்லை, அவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊரில் எல்லாரும் கேட்டார்கள், காசியில் எதை விட்டீர் என்று. பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எது ரொம்பப் பிடிக்குமோ அதைத்தானே சொல்ல வேண்டும், சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அவள் வாரத்துக்கு மூன்று நாள் எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்குகிறாள், அவர் எதிரில் உட்கார்ந்து அவள் மட்டும் சாப்பிடுகிறாள்.

கதை அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லாமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள். மாயவரம் பக்கம் போனால் முக்கியமாக தருமாம்பாள் காதில் விழக்கூடாது, நான் இங்கே சீர்காழியில் ஒரு பத்திர விஷயமாக வந்திருக்கிறேன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மோர் ஊற்றுங்கள். ஐயோ, வேண்டாம் அம்மா, எத்தனை தடவை சொல்வது, அந்தக் கரண்டியைத் தள்ளி வையுங்கள். வாசனையே போதும்.